டிராக் பாடியவளின் ஆல்பம்

என் மனைவியின் குரலை அழிப்பதுதான் பதினான்கு வருஷமாக என் வேலை. கேட்பவர்களுக்கு நான் ஏதோ கொடுமைக்காரன் என்று தோன்றும். நான் ரெக்கார்டிங் இன்ஜினியர், அவள் டிராக் பாடுகிறவள். அவ்வளவுதான் விஷயம்.

டிராக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மெட்டுப் போட்டு, வாத்தியங்கள் வாசித்து, ஒரு பாட்டு தயாராகிவிடும். பாட வேண்டிய பெரிய பாடகி வர நாளாகும். எந்த இடத்தில் மூச்சு, எந்த இடத்தில் குழைவு என்று அவருக்குக் காட்டுவதற்காக ஒருத்தி முன்னாடியே பாடி வைப்பாள். பெரிய பாடகி வந்து அதை ஹெட்போனில் கேட்பார், அப்படியே பாடுவார், காரில் ஏறிப் போய்விடுவார். அவர் போன கையோடு நான் டிராக்கை அழிப்பேன். கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கும், தனி டிஸ்கில் ஒன்று இருக்கும். இரண்டையும் அன்றைக்கே அழிக்க வேண்டும், அது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். ஒருமுறை சோம்பல்பட்டு ஒன்றை விட்டுவைத்தேன். அது எப்படியோ வெளியே கசிந்து, பெரிய பாடகி பாடியதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். இசையமைப்பாளர் என்னை நிற்க வைத்துக் கிழி கிழியென்று கிழித்தார். அதற்கப்புறம் மூளையைக் கேட்காமலே என் கை அழிக்கப் பழகிக்கொண்டது.

கசிந்த அந்தக் குரல் என் மனைவியுடையது. அவள் என்னைத் திட்டுவாள் என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். நாலு பேராவது கேட்டார்களே என்று சந்தோஷப்பட்டாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஸ்டுடியோக்களில் அவளுக்கு 'டிராக்கம்மா' என்று பெயர். எங்கள் கல்யாணமே கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று முடிவானது. நான் இந்தப் பக்கம் மைக்கில் "இன்னொரு வாட்டி" என்பேன், அவள் அந்தப் பக்கம் நின்று முறைப்பாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான், முறைப்பு மட்டும் இரட்டிப்பானது. நானூறு பாட்டுக்கு மேல் பாடியிருப்பாள். அதில் ஒன்றுகூட அவள் குரலில் உலகத்தில் கிடையாது.

போன வருஷம் அவளுக்குத் தொண்டை கரகரக்க ஆரம்பித்தது. மாத்திரை, வெந்நீர், ஓய்வு என்று மூன்று மாதத்தை வீணாக்கினோம். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, படத்தைத் திரையில் காட்டி, சுற்றி வளைக்காமல் சொன்னார். கட்டி குரல்வளையைப் பிடித்துவிட்டது, குரல்வளையையே எடுத்தாக வேண்டும், அப்புறம் கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. ஆபரேஷனுக்கு வரிசை இருந்ததால் ஐந்து வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அவள் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவரைக்கும் பாடலாமா என்பது. டாக்டர் திரையை அணைத்தார். பாடுவதால் இனிமேல் கெட்டுப்போக ஒன்றும் இல்லை என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்பது பாட்டு எழுதி வெச்சிருக்கேன்ல, அதை ஆல்பமாப் போட்டுடலாங்க. என் பேர்ல. அதுல என் குரல் மட்டும்தான் இருக்கணும். நீங்க அதை அழிக்காம வெச்சிருக்கணும்" என்றாள்.

சரி என்றேன். அவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

எங்கள் ஸ்டுடியோ ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடி. கீழே தையல் கூடம். ஒன்பது மணிக்கு முப்பது மிஷின்களும் ஓட ஆரம்பித்தால் தரையே கிடுகிடுக்கும். அதனால் காலை ஆறரைக்கே போய்விடுவோம். காலையில் யாரும் வருவதில்லை என்பதால் ஸ்டுடியோக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டார். சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்த வேண்டும். சுவரெல்லாம் மெத்தை அடித்த அந்த அறையில் பத்து நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டும். அவள் தம்பி கிட்டார் வாசித்தான். தங்கமானவன், ஆனால் நேரத்துக்கு வந்தான் என்ற கெட்ட பெயர் மட்டும் இதுவரை எடுத்ததில்லை. அந்த ஐந்து வாரமும் எங்களுக்கு முன்னாடியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

நாளுக்கு நாற்பது நிமிஷம் அவள் குரல் தாங்கும். அதற்கு மேல் போனால் நூல் பிரிந்துவிடும். அந்த நாற்பது நிமிஷத்துக்குள்தான் எங்கள் சண்டையும் நடந்தாக வேண்டும்.

சண்டை இதுதான். டிராக் பாடுகிறவள் இடம் விட்டுப் பாட வேண்டும். தன் சொந்த நெளிவு சுளிவுகளை அள்ளிப் போட்டுவிட்டால், பின்னால் வருகிறவருக்குப் பாட ஒன்றும் மிஞ்சாது. சுருதி சுத்தம், தாளம் சுத்தம், உணர்ச்சி முக்கால் பங்கு, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பதினான்கு வருஷம் அப்படிப் பாடிய தொண்டை, சொந்தப் பாட்டிலும் அப்படியே பாடியது. எல்லா வரியும் சரியாக இருந்தது. எல்லா வரியிலும் யாரோ வருவதற்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்கு இடம் விட்டுட்டு இருக்கே? இனிமே யாரும் வரமாட்டாங்க. நீதான் பாடகி" என்று மைக்கில் கத்தினேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பழகிப்போச்சுங்க என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். எட்டுப் பாட்டும் அப்படித்தான் முடிந்தன. காலி லிஃப்ட் ஒன்று மேலேயும் கீழேயும் போய்வருவதைப் பற்றி ஒரு பாட்டு, குறட்டை விடும் புருஷனைப் பற்றி ஒரு பாட்டு (யாரென்று நான் சொல்ல மாட்டேன்), இப்படி எட்டு. குறை சொல்ல இடமில்லாத பாட்டுகள்.

ஒன்பதாவது, ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஒருத்தி, தூங்குகிறவர்களை எழுப்பாமல் இருட்டில் நடப்பதைப் பற்றியது. 'விளக்கைப் போடாதே, நான்தான் வந்திருக்கேன்' என்று தொடங்கும். நாலாவது வாரம் அதை எடுத்தோம். முதலில் தம்பி கிட்டார் வாசிக்க வேண்டும், அவனுக்கு வழிகாட்ட ஒரு டிராக் வேண்டும். சும்மா பாடு, உனக்கில்லை, அவனுக்குத்தான் என்றேன். அவளும் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையிலிருந்த டம்ளரைப் பார்த்தபடி பாடினாள்.

கணக்கில் வராத பாட்டு என்று நினைத்ததாலோ என்னவோ, அன்றைக்கு அவள் யாருக்கும் இடம் விடவில்லை. அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எனக்கே தெரியாது. கட்டின புருஷன், பதினான்கு வருஷம் ஹெட்போனில் கேட்டவன், எனக்கே தெரியாது. தம்பி பாதியில் வாசிக்க மறந்துவிட்டான். பாட்டு முடிந்ததும் அவள் தம்பியைப் பார்த்து, ஏன்டா நிறுத்திட்டே என்று அதட்டினாள்.

அதை அவன் வாசிப்போடு சேர்த்து முறையாக எடுக்கப் பார்த்தோம். நாலு நாளில் ஏழு தடவை பாடினாள். ஏழும் கிழிந்து வந்தன. மேல் ஸ்தாயியில் காற்றுதான் வந்தது. ஒன்றில் நடுவே இருமல், ஒன்றில் கடைசி வரி இல்லவே இல்லை. ஏழாவதோடு அவளே போதும் என்றாள். டிராக்கையே வைத்துக்கொள்ளலாம், ஒரு டிராக்காவது ஃபைனலாகப் போகட்டும் என்று சிரித்தாள். அது நல்ல யோசனை. கம்ப்யூட்டரில் 'டிராக்' என்று ஒரு ஃபோல்டர், 'ஃபைனல்' என்று ஒரு ஃபோல்டர். முறையாக எடுத்த ஏழும் ஃபைனலில் இருந்தன. நல்லதை டிராக்கிலிருந்து அங்கே நான் மாற்றியிருக்க வேண்டும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். முடிய மத்தியானம் மூன்று மணி ஆகும் என்றார்கள். போகும்முன் என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது, கேஸை மூடினீங்களா என்று. கடைசி வார்த்தை பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதெல்லாம் சும்மா. எனக்கு உட்கார முடியவில்லை, நடையாக நடந்தேன். மாமா, நீங்க நடக்கிறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது, ஸ்டுடியோவுக்குப் போய் ஏதாவது வேலை பாருங்க என்று மச்சான் என்னைத் துரத்திவிட்டான்.

போனேன். உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எட்டுப் பாட்டையும் முடித்து, சரிபார்த்து, ஃபைனலில் வைத்தேன். வேலை முடிந்தால் இடத்தைச் சுத்தம் செய்வது வழக்கம். இடது கையில் டீ. வலது கை 'டிராக்' ஃபோல்டரைப் பிடித்து அழித்தது. டிஸ்கைத் திறந்து அங்கேயும் அழித்தது. குப்பையைக் காலி செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது, செய் என்றது கை. அதன்மேல் எட்டுப் பாட்டின் பெரிய ஃபைல்களை இரண்டு இடத்திலும் நிறையப் பதிவு செய்தேன். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மனசுக்குக் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நாலாம் நாள் ஒன்பதாவது பாட்டைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கம்ப்யூட்டரையும் டிஸ்கையும் தூக்கிக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற ஆளிடம் ஓடினேன். அவர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, அழிச்சது பரவாயில்ல சார், அது மேலயே எழுதிட்டீங்களே என்றார். அந்த நேரம் அவள் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். கழுத்தில் கட்டு. தொண்டையில் ஒன்றும் இல்லை.

மச்சானிடம் மட்டும் சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அப்படியே நின்றுகொண்டு, "அந்த ஏழுல ஒண்ணைப் போட்டுடலாம் மாமா. கிழிஞ்சா என்ன, அக்காதானே" என்றான்.

நான் கேட்கவில்லை. என் காது தொழில்காரன் காது. கோணிப்பை கிழிகிற மாதிரி ஒரு பாட்டை அவள் ஆல்பத்தின் கடைசியில் எப்படி வைப்பது? அவள் மானம் போகாதா என்றேன். இன்று யோசித்தால், அவள் மானத்தையா காப்பாற்றினேன், என் மானத்தையா என்று தெரியவில்லை. அந்த ஏழில் ஒன்று வெளியே வந்தால், நல்லது எங்கே போயிற்று என்று அவள் கேட்பாள்.

அவள் படுத்த பிறகு டிராக் பாட ஒரு பெண் வந்திருந்தாள். எல்லாரும் 'புதுப்பொண்ணு' என்றே கூப்பிட்டோம். ஒரு வருஷம் என் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டவள், அவளைப் போலவே பாடிக் காட்டி அவளையே சிரிக்க வைப்பாள். அவளைக் கூப்பிட்டேன். மச்சான் மெட்டைச் சொல்லிக் கொடுத்தான், என் முகத்தைப் பார்க்காமல். மைக் முன்னால் நின்ற பிறகு அந்தப் பெண் கேட்டாள், "அக்காவுக்குத் தெரியுமா அண்ணா?"

நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். என் பேரெல்லாம் வேண்டாம் அண்ணா, டிராக் மாதிரிதானே என்றாள். என் மனைவியைப் போலப் பாட ஆரம்பித்து, நாலாவது வரியில் தானாகவே மாறி, எங்கேயோ போய்விட்டாள். இரண்டாவது தடவைக்கு அவசியமே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மனைவி ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டாள். பேசுகிற காலத்தில் பாதி வாக்கியத்தை முழுங்கிவிடுவாள், எழுதும்போது முற்றுப்புள்ளி வரை வைத்துத் திட்டினாள். ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் போகும். அதில் மூன்று எனக்கான வசை. ஆல்பம் என்ன ஆச்சு என்று தினமும் எழுதுவாள். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது, வெளியிடும் அன்றைக்கு எல்லாரோடும் சேர்ந்து முதல் தடவையாகக் கேளேன், நன்றாக இருக்கும் என்றேன். அந்த யோசனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நாள் குறித்தாள். வருகிறவர்களுக்குத் தன் கையால் கடிதம் எழுதினாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். அவள் நோட்டை முன்னால் நகர்த்தி, என்ன என்று புருவத்தைத் தூக்குவாள். ஒன்றுமில்லை என்பேன். இப்படியே மூன்று மாதம் போயிற்று.

ஒரு புத்தகக் கடையின் மாடியில் நாற்பது நாற்காலி போட்டோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். சுவரில் அவள் படம், கீழே அவள் பெயர், பெரிய எழுத்தில். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி கட்டி, முன் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இணையத்தில் வெளியான அதே நிமிஷம் நான் இங்கே ஓடவிட்டேன்.

எட்டுப் பாட்டையும் எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டு பேர் போனைப் பார்த்தார்கள், ஒருவர் எழுந்து வெளியே போய்வந்தார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அளவாகக் கைதட்டினார்கள். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. கண்ணில் தண்ணீரோடு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது ஆரம்பித்தது. 'விளக்கைப் போடாதே' என்ற வார்த்தை முடிவதற்குள் அவள் பிடி தளர்ந்தது. கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே கதவோரமாக நின்ற புதுப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். அறையில் ஒருவரும் அசையவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கவிழ்த்து வைத்தார்கள். முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள்.

பிறகு வரிசையாக அவளிடம் வந்தார்கள். அந்தக் கடைசிப் பாட்டு இருக்கே என்றுதான் எல்லாரும் ஆரம்பித்தார்கள். என்னைக் கிழித்த அந்த இசையமைப்பாளரும் வந்தார். இவ்வளவு வருஷம் இந்தக் குரலை எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்தே, மத்ததெல்லாம் சரி, இதுலதான் நீ இருக்கே என்றார். அது நானில்லை என்று சொல்ல அவளுக்குக் குரல் கிடையாது. நோட்டு கைப்பையில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. முப்பது பேருக்கும் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். 'யார் என்று தெரியும். ஏன் என்று சொல்லுங்கள்.'

சொன்னேன். டீ குடித்துக்கொண்டே அழித்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவள் எனக்குத் தண்ணீர் எடுத்துவந்து வைத்தாள். கைப்பழக்கம் அவளுக்குத் தெரியாதா? அதே தொழிலில் இருந்தவள்தானே. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன். உடனே எழுதினாள், 'அந்தப் பாட்டில் அவள் பெயரைப் போடுங்கள். இப்போதே.' போட்டேன். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

'நான் பாடிய ஏழு இருக்குமே. அதில் ஒன்றைப் பத்தாவதாகப் போடுங்கள். கிழிந்திருந்தால் பரவாயில்லை.'

நான் கம்ப்யூட்டரை மூடினேன். அவள் அந்த வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினாள்.

அந்த ஏழும் இல்லை. புதுப்பொண்ணு பாடிவிட்டுப் படியிறங்கிப் போன அன்றே அழித்துவிட்டேன். இரண்டு இடத்திலும். அவள் அவற்றைக் கேட்டால் அகப்பட்டுக்கொள்வேன் என்று பயந்து, நிதானமாக, ஒவ்வொன்றாக. அன்று கையில் டீ இல்லை. அது கைப்பழக்கமும் இல்லை.

அதையும் சொன்னேன். அவள் பேனாவை மூடினாள். நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்து மாதம் ஆகிறது. அந்தப் பாட்டு எங்கெங்கோ போய்விட்டது. புதுப்பொண்ணு இப்போது டிராக் பாடுவதில்லை, அவளுக்கு வேறு ஒருத்தி டிராக் பாடுகிறாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் மடியில் தலை வைத்து அழுதாள். என் மனைவி அவளுக்கு ஒரு முழுப் பக்கம் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. எட்டுப் பாட்டையும் யாரும் கேட்பதில்லை. எண்ணிக்கை பார்த்தேன், பெரும்பாலும் நானும் மச்சானும்தான்.

தம்பிக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள். காய்கறிக்காரருக்கு எழுதுகிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கதைகூட எழுதிக் காட்டுகிறாள். வாய் பேச முடியாத பெண்டாட்டி என்னோடு பேசுவதில்லை என்று வெளியில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சாப்பாடு வைக்கிறாள், தட்டை என் பக்கம் நகர்த்துகிறாள். போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்க வேண்டிய இடத்தில், என் தட்டைப் பார்த்து அவளே முடிவு செய்துகொள்கிறாள்.